இருட்டு மூலைக்கு ஒரு தாயம்

சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வேறு தேசத்துக்கு வந்துவிட்டேனோ என்று தோன்றியது. இன்னும் நன்றாக விடியவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பலகையில் வட்டமும் கோடுமாக ஏதோ எழுதியிருந்தது. தமிழ் இல்லை, இங்கிலீஷ் இல்லை, இந்தியும் இல்லை. அது கொரியாக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல் என்று மகள் பிறகு சொன்னாள். அதன் கீழே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் மட்டும் நம் ஊர் ஆள் மாதிரி இருந்தார்.

எனக்குச் சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். பீடி சுற்றுகிறேன். மதுரைக்கு வடக்கே வந்தது இதுதான் முதல் தடவை. மகள் செல்வி இங்கே செல்போன் செய்கிற ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஊர்க் கோயிலில் ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் கொடை முடிந்ததும் திருநீறு, அதிரசம், கைமுறுக்கு, கருப்பட்டி என்று எல்லாவற்றையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு வாரம் கூட இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். "பிள்ள எப்படி இருக்கான்னு நல்லாப் பாத்துட்டு வா" என்று சொல்லி அனுப்பினார் என் வீட்டுக்காரர். நல்லாத்தான் பார்த்தேன். அதில்தான் வந்தது வினை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, செல்விக்கு வார விடுமுறை. தலையை வாரி முடிந்துகொண்டே ஓடி வந்தாள். "யம்மா, எங்கன நிக்கேன்னு தேடுதேன், லாரிக்குப் பின்னால ஒளிஞ்சி நிக்கே!" என்றாள். ஒளியவில்லை. அவ்வளவு பேர் போகிற இடத்தில் நடுவில் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கேட்டால், "நைட் ஷிப்ட் வந்தா பகல்ல ஒறக்கம் சரியா வர மாட்டேங்கும்மா" என்றாள்.

நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில் ஒரு மாடிவீடு. கீழே வீட்டுக்கார அம்மாள் தனலட்சுமி இருந்தார். முன்பு இந்த இடமெல்லாம் அவர்களுடைய நெல்வயலாம். மாடியில் ஒரே அறை. அதில் செல்வியோடு இன்னும் மூன்று பிள்ளைகள். நாங்குநேரிக்காரி இசக்கி, வாயைத் திறந்தால் மூட மாட்டாள். செஞ்சிப் பக்கத்துப் பவித்ரா, அளந்துதான் பேசுவாள். மூன்றாவது கவிதா, அப்பாவுக்குக் கால் முறிந்துபோனதால் ஊருக்குப் போனவள், இன்னும் திரும்பவில்லை. அவளுடைய பாய் மட்டும் சுருட்டியபடி சுவரில் சாய்ந்து நின்றது.

சாயங்காலம் செல்வியும் இசக்கியும் என்னை ஷேர் ஆட்டோவில் வல்லம் வடகாலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். "பீச்சுக்குப் போற மாதிரித்தான் அத்த, தண்ணி மட்டும் இருக்காது" என்றாள் இசக்கி. கம்பெனிகளுக்கு நடுவே அகல அகலமான சாலைகள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வண்டியே இல்லை. ஊர்த் தெப்பக்குளத்தை வற்ற வைத்துத் தார் போட்டது போல வெறுமையாகக் கிடந்தது. அங்கே ஊரே விளையாடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கிரிக்கெட். ஒரு கல்யாணமான பெண் ஸ்கூட்டி பழக, புருஷன் பின்னாலேயே "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்திக்கொண்டு ஓடினான். வரிசையாக நின்ற கண்டெய்னர் லாரிகளுக்கு அடியில் வடக்கத்தி டிரைவர்கள் துண்டை விரித்துச் சீட்டாடினார்கள். ஒடிசாப் பையன்கள் பட்டம் விட்டார்கள். அவர்கள் ஏதோ கத்தியதும் இசக்கி சிரித்தாள். லைனில் கூட வேலை பார்ப்பவர்களிடம் அவள் இந்தி பழகியிருக்கிறாள். "என்ன சொல்லுதானுவ?" என்று கேட்டேன். "'நூல விடு, நூல விடு, அது ஊருக்குப் போய்ட்டு வரட்டும்'ங்கான்" என்றாள்.

பட்டம் வெகு உயரத்தில் அசையாமல் நின்றது. சாலை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. யாருக்கும் எங்கும் போகும் அவசரம் இல்லை. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமையும் எனக்குப் பீடி இலையும் தூளும்தான். பொழுது தானாகப் போகும், அதை நாமும் கூடச் சேர்ந்து போக்க வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. பானிபூரி வாங்கிக் கொடுத்தார்கள். வாயில் போட்டதும் புளித்தண்ணீர் புடவையெல்லாம் வழிந்தது. எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் இன்னொன்று கேட்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் கண்விழித்தபோது செல்வி முதல் ஷிப்டுக்குப் போயிருந்தாள். இரவு வேலை முடித்து வந்த பவித்ரா அறையின் கோடி மூலையில் சுவரைப் பார்த்துத் தூங்கினாள். அந்த மூலைக்கும் ஜன்னலுக்கும் நடுவே பீரோ இருக்கிறது. எவ்வளவு வெயில் அடித்தாலும் அங்கே மட்டும் வெளிச்சம் போகாது. மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. ஜன்னல் திரை ஊதி உப்பிப் பிறகு அடங்கியது. பகல் பத்து மணிக்கு ஒரு வீடு நடுச்சாமம் போல இருப்பதை அன்றுதான் பார்த்தேன். கையில் பீடித் தட்டு இல்லாததால் என் விரல்கள் மடியில் சும்மா சும்மா சுருண்டுகொண்டிருந்தன.

தகரப்பெட்டி ஒன்றின் மேல் பழைய பிளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பக்கத்தை விரித்திருந்தார்கள். அதில் மார்க்கரால் தாயக்கட்டம் வரைந்திருந்தது. மேலே ஒரு சிவப்பு வளையல் துண்டு, ஒரு சிப்பிப் பொத்தான், ஒரு புளியங்கொட்டை, ஒரு கறுப்புப் பொத்தான். பக்கத்தில் இரண்டு பித்தளைக் கட்டைகள், நான்காக மடித்த துண்டின் மேல்.

"கைய வச்சிராதிய அத்த! ஆட்டம் நடந்துக்கிட்டிருக்கு" என்றாள் அப்போதுதான் எழுந்த இசக்கி. ரகசியம் பேசுவது போலத்தான் பேசினாள். பகலில் அந்த அறையில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

நடப்பது யாருடைய ஆட்டம் என்று கேட்டேன். ஆடுகிற ஆள் ஒருவரையும் காணோமே.

அவள் சொன்னது இது. மூன்று பேருக்கும் மூன்று ஷிப்ட். ஒன்றாக உட்கார்ந்து ஆட நேரமே வாய்க்காது. அதனால் வேலை முடித்து வந்ததும் அவரவர் ஒரு தடவை போடுவார்கள். ஒரே போடு. தாயமே விழுந்தாலும் மறுபடி போடக் கூடாது. விழுந்ததற்குத் தன் காயை நகர்த்திவிட்டுப் படுக்க வேண்டியது. தூங்குகிறவர்கள் விழித்துவிடாமல் இருக்கத்தான் துண்டின் மேல் போடுகிறார்கள். ஒரு ஆட்டம் முடிய மாதக்கணக்காகும். முதலில் நடுக்கட்டத்துக்குப் போய்ப் பழமேறுகிறவளுக்கு அந்த இருட்டு மூலை. அடுத்த ஆட்டம் முடியும்வரை அவள்தான் அங்கே படுப்பாள். போன ஆட்டத்தில் பவித்ரா ஜெயித்திருந்தாள்.

"நைட் ஷிப்டு யாருக்கோ அவளுக்கே மூலையக் குடுத்தா என்ன?" என்றேன்.

"அப்படித்தான் மொதல்ல வச்சிருந்தோம். வாரா வாரம் பாயையும் பெட்டியையும் தூக்கிட்டு அலையணும். அதோட சும்மா கெடைக்கறதுல என்னத்த சொகம் இருக்கு? செயிச்சு எடுத்தாத்தான் ஒறக்கம் வரும்."

"யாரும் பாக்காம போடுதியளே, என்ன விழுந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

இசக்கிக்கு என் கேள்வியே புரியவில்லை. "போட்டவளுக்குத்தான் தெரியுமே அத்த" என்றாள்.

அன்று பொழுதுசாயத் தனலட்சுமி அம்மாள் என்னைச் சந்துமுனைக்கு அழைத்துப்போனார். நெடுஞ்சாலை ஓரத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு நீளமான லாரிகள் போகும். ஒவ்வொருத்தியும் ஒரு நிறத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். அடுத்து வரும் லாரியில் எந்த நிறக் கார் அதிகமோ, அந்த நிறத்தைச் சொன்னவள் ஜெயித்தாள்.

"இன்னாம்மா, நீ இன்னா கலரு? கூச்சப்படாம சொல்லு" என்றார்.

"சிவப்பு."

"செவப்பு எங்க வருது? எல்லாம் வெள்ளதான் ஓட்டிக்கினு போறானுங்க. நானு இருவது வருசமா வெள்ளதான் சொல்லிக்கினு கீறேன்."

"அதான் டெய்லி ஜெயிக்கிறியே, ஒனுக்கு வேற பொழப்பே இல்ல" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. அந்த நேரம் ஒரு லாரி வந்தது. அத்தனையும் வெள்ளை. கடைசியாக ஒரே ஒரு சிவப்பு, சாயங்கால வெயிலில் பழம் போலப் பளபளத்தது. எனக்குத் தோற்றது போலவே இல்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு பஸ் தப்பிதம் நடந்தது. ஸ்ரீபெரும்புதூரில் காய்கறி வாங்கலாம் என்று தனியாகக் கிளம்பினேன். நிறுத்தத்தில் ஒரு பஸ் வந்தது. பெண்கள் ஏறினார்கள், நானும் ஏறினேன். உட்கார்ந்த உடனே எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பொம்மைகள் போலத் தலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஒரே பக்கமாக நிமிர்ந்தன. கண்டக்டர் வரவில்லை. யாரையாவது எழுப்பிக் கேட்கலாம்தான், எனக்கு வாய் வரவில்லை. ஜன்னலில் ஏரி வந்தது. தண்ணீருக்கு நடுவே வெள்ளைக் கொக்குகள் நின்றன. அதன் பின்னால் நீலத் தகரக் கூரைகள் முடிவில்லாமல் போயின. எங்கே போகிறோம் என்று தெரியாமலேயே ஒரு நிம்மதியில் நானும் கண்ணசந்துவிட்டேன். விழித்தபோது ஒரு பெரிய கேட்டுக்குள் இருந்தோம். எல்லோரும் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, நீ எந்த லைனு?"

"சங்கரன்கோவில் லைன்" என்றேன் பதற்றத்தில். அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். கம்பெனி பஸ் என்று அப்போதுதான் தெரிந்தது. ஷிப்ட் முடிந்து வந்தவர்களோடு என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். அவர்களும் தூங்கிக்கொண்டேதான் வந்தார்கள்.

அந்தச் சாயங்காலம்தான் பார்த்தேன். நான் அடுப்புப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். செல்வி குளித்துவிட்டு வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். பித்தளைக் கட்டைகள் சத்தமில்லாமல் துண்டில் உருண்டன. பார்த்தாள், ஏதோ நகர்த்தினாள். அவள் முதுகு மறைத்ததால் எனக்குக் கை மட்டும் தெரிந்தது. மறுபடி கட்டைகளை எடுத்தாள். மறுபடி போட்டாள். மறுபடி நகர்த்தினாள்.

ஒரே போடு என்றல்லவா இசக்கி சொன்னாள்?

கண்ணில் வெங்காயம் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். புதன்கிழமையும் அப்படியே இரண்டு தடவை போட்டாள். பிறகு எழுந்து, ஒன்றும் நடக்காதது போல "யம்மா, என்ன கொழம்பு?" என்று கேட்டாள். யாரும் பார்க்காத ஆட்டத்தில், அதுவும் ஒரு மூலைக்காக, என் மகள் கள்ளாட்டம் ஆடுகிறாளா? சுற்றிய பீடியைத் தரமில்லை என்று கடைக்காரர் கழிக்கும்போதுகூட நாங்கள் ஒரு வார்த்தை கூட்டிப் பேசியதில்லையே. கேட்கலாம் என்று நாலு தடவை வாயெடுத்தேன். பெற்ற பிள்ளையிடம் இப்படி ஒன்றைக் கேட்டுவிட்டால் பிறகு கேட்காதது போல ஆக்க முடியாது. பேசாமல் குழம்பை இறக்கினேன்.

பேசத் தெரியாதவர்கள் செய்கிற காரியத்தைச் செய்தேன். பவித்ரா இரவு வேலைக்குப் போனபின், செல்வி குளியலறைக்குள் போன நேரம் பார்த்து, சிவப்பு வளையல் துண்டைக் கட்டத்தில் சில வீடுகள் பின்னால் நகர்த்தி வைத்தேன். அது செல்வியின் காய். கணக்கு நேராகிவிட்டது என்று ஒரு ஆறுதல். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை காலை இசக்கியின் குரலில் விழித்தேன். ரகசியக் குரல் இல்லை.

"ஏட்டி பவி, செல்வி காயி எப்படிட்டி பின்னால வந்துச்சு?"

இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்த பவித்ரா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எனுக்கு எப்படித் தெரியும்? நானே இப்பதான் வரேன்."

"முந்தாநாளு ஒஞ் சிப்பிப் பொத்தானுக்கு முன்னால நின்னுச்சி. இன்னைக்கி பின்னால நிக்கி. பகலு முழுக்க நீதான இங்கன கெடக்க?"

"நான் தூங்கினு இருக்கேன்! நீ இன்னா சொல்ல வர்ற, நான் தள்ளுனேன்றியா?"

"மூலைய விட மனசில்லன்னா வாயால கேட்ருக்கலாம்லா?"

பவித்ரா என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்க பகல்ல இங்கதான இருந்தீங்க. நான் எழுந்து அந்தப் பெட்டிகிட்ட போனத பாத்தீங்களா?"

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி ஏன் என்பதுதான். அதற்கு என் மகள் பெயரை இழுக்க வேண்டும்.

"நான் ஒண்ணும் பாக்கலம்மா" என்றேன்.

பவித்ரா போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் சொல்லவில்லை. அவள் பாயை அந்த மூலையிலிருந்து இழுத்து ஜன்னலுக்கு நேராக, வெயில் விழுகிற இடத்தில் போட்டுப் படுத்தாள். முகத்தில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டாள். அன்றைக்குப் பகல் முழுவதும் அந்தத் துப்பட்டா நனைவதும் காய்வதுமாக இருந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் செல்வி வந்தபோது பவித்ரா பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கம்பெனி ஹாஸ்டலில் இடம் இருக்கிறதாம், வேலை முடித்து நேராக அங்கேயே போகிறாளாம். விஷயம் தெரிந்ததும் செல்வி சிரித்தாள். "நாந்தான் பெருக்கும்போது தட்டி விட்டுருப்பேன் பவி. இதுக்குப் போயா?"

"நீ பாவம் பாத்து சொல்லாத செல்வி. திருடினு பேர் வாங்கினு நான் இந்த வூட்ல தூங்க மாட்டேன்."

செல்வி பெட்டி முன்னால் உட்கார்ந்து கட்டையை உருட்டினாள். வளையல் துண்டை அது நிற்கிற இடத்திலிருந்தே நகர்த்தினாள். பிறகு மறுபடி கட்டைகளை எடுத்தாள்.

"இது கவிதாவுக்கு" என்று பவித்ராவைப் பார்த்துச் சொன்னாள். "இதுக்காவது வந்து பாரு. அவ கறுப்புப் பொத்தான் ஒம் பின்னாலயேதான் வருது."

"கவிதாவுக்கா?" என்றேன்.

"ஆமாம்மா. லைன்ல ஒருத்தி எந்திரிச்சுப் போனா பக்கத்துல உள்ளவதான் அவ வேலையையும் சேத்துப் பாக்கணும். லைன் நிக்கக் கூடாதுல்லா. அவளும் நானும் ஒரே லைனு. அதான் அவ வாரவரைக்கும் அவளுக்கு நான் போடுதேன். அவ காயி மட்டும் அங்கனயே கெடந்தா, வந்து பாக்கும்போது சங்கடமா இருக்கும்லா."

இந்தப் பிள்ளைகளுக்கு இது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. அதனால்தான் யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. நான் இதை யோசித்து முடிப்பதற்குள் பவித்ரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

செருப்பு போடாமலே பின்னால் போனேன். நடக்க நடக்க அவள் தூரமாகிக்கொண்டே இருந்தாள். சத்தமாகக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. நிறுத்தத்தில் இரவு ஷிப்ட் பஸ்ஸுக்காக ஒரு கூட்டமே நின்றது. அத்தனை கழுத்திலும் அட்டை. லாரி விளக்குகள் எங்கள் மேல் வந்து வந்து போயின. அவ்வளவு பேருக்கு நடுவில் நான் பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"பவித்ரா, நீ தள்ளலம்மா. நாந்தான் தள்ளினேன்."

அவளுக்கு விளங்கவில்லை. "நீங்களா? நீங்க எதுக்கும்மா?"

"செல்வி ரெண்டு தடவ போட்டதப் பாத்தேன். கவிதாவுக்குன்னு எனக்குத் தெரியாது. கள்ளாட்டம்னு நெனச்சிட்டேன். கேக்க வாய் வராம காயப் பின்னால வச்சிட்டேன்."

பவித்ரா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். திரும்பினேன். என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு செல்வி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

செருப்பை என் காலடியில் போட்டுவிட்டு வந்த வழியே நடந்து போனாள். பஸ் வந்தது. பவித்ரா படியில் ஏறிவிட்டு மறுபடி இறங்கினாள். பையை என் கையில் கொடுத்து, "இத வூட்ல வச்சிடுங்கம்மா" என்றாள். "செல்விய இன்னிக்கி ஒண்ணும் கேக்காதீங்க" என்றும் சொன்னாள்.

கேட்கவில்லை. செல்வி சாப்பிட்டாள், எனக்கும் போட்டாள், பாய் விரித்துக் கொடுத்தாள். கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை. ஊர் அதிரசத்தை மட்டும் தின்னாமல் டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வேலை முடித்து வந்த பவித்ரா நடந்ததைச் சொன்னதும், இசக்கி முதலில் அவள் காலைப் பிடித்து ஆட்டி, "மன்னிச்சிருட்டி, இல்லன்னா மிதி" என்றாள். பவித்ரா மிதிக்கவே செய்தாள், சும்மா. பிறகு இருவருமாக வளையல் துண்டை அதன் சரியான இடத்துக்கு நகர்த்தி வைத்தார்கள். அதன்பின் இசக்கி என் பக்கம் திரும்பினாள்.

"அத்த, லைன்ல தப்புப் பண்ணினா அந்த வேலையையே திரும்பக் குடுப்பாங்க. கவிதா காயி இன்னையிலருந்து ஒங்க கையில. ஊருக்குப் போறவரைக்கும் நீங்கதான் போடணும்."

"நான் எப்படிம்மா..."

"ஒரே போடு. வெட்டு விழுந்தா வெட்டியே ஆகணும், பாவம் பாக்கக் கூடாது. அது மட்டுந்தான் சட்டம்."

அன்று போட்டேன். கறுப்புப் பொத்தான் கொஞ்சம் நகர்ந்தது. சாயங்காலம் செல்வி வந்து கட்டத்தைப் பார்த்தாள். கவிதாவின் காய் நகர்ந்திருப்பதைக் கண்டு தனக்கு மட்டும் போட்டாள். தாயம்தான் விழுந்தது. ஒரே ஒரு வீடு. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை நான் கிளம்ப வேண்டிய நாள். விடியுமுன் செல்வி வேலைக்குப் போனாள். "தின்னுட்டுப் போ" என்றாள் வாசலில். அவ்வளவுதான். பவித்ராவுக்கு ஓவர்டைம் போட்டிருந்தார்கள், மதியம்வரை வர மாட்டாள். இசக்கி என் பையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மழை வருமுன் போகிறேன் என்று சீக்கிரமே கம்பெனிக்குப் போய்விட்டாள்.

முதல் தடவையாக அந்த அறையில் நான் மட்டும் இருந்தேன். வெளியே மேகம் மூடியது. திரை உப்பவில்லை. இருட்டு மூலை எது, மற்ற மூலை எது என்று தெரியாதபடி அறை முழுவதும் ஒரே மங்கலாக இருந்தது. சாலைச் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது. பெட்டி முன்னால் உட்கார்ந்து கட்டைகளை எடுத்தேன். பித்தளை குளிர்ந்திருந்தது. யாரும் இல்லாத இடத்தில் விளையாடுவது முதலில் பயமாக இருந்தது. பிறகு தனியாகக் குளத்தில் இறங்குவது போல இருந்தது.

போட்டேன். மூன்று.

கறுப்புப் பொத்தானிலிருந்து எண்ணினேன். மூன்றாவது வீட்டில் சிவப்பு வளையல் துண்டு நின்றது. மறுபடி எண்ணினேன். அங்கேதான் நின்றது.

வெட்டினால் அவள் காய் வெளியே போய்விடும். மறுபடி தாயம் விழுந்துதான் இறங்க வேண்டும். பழம் பக்கத்தில் இருந்தது. மூலை அவளுக்குத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணுக்குக் கீழே இருக்கும் கறுப்பு எனக்குத் தெரியும். இதை இரண்டு என்று வைத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வெட்டினாலோ, பவித்ராவிடம் நல்ல பெயர் வாங்கத்தான் வெட்டினேன் என்று செல்வி நினைக்கலாம். நினைக்க அவளுக்குப் பாத்தியதை உண்டு. நான் நினைக்கவில்லையா?

இசக்கி அன்று சொன்னது ஞாபகம் வந்தது, போட்டவளுக்குத்தான் தெரியுமே என்று.

வளையல் துண்டை எடுத்துக் கட்டத்துக்கு வெளியே வைத்தேன். அந்த இடத்தில் பொத்தானை வைத்தேன். அறையைப் பூட்டிச் சாவியைத் தனலட்சுமி அம்மாளிடம் கொடுத்தேன். "இன்னாம்மா, அதுக்குள்ள கெளம்பிட்ட? அடுத்த தபா வந்தா வெள்ள சொல்லு, இன்னா?" என்றார்.

செங்கல்பட்டு தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் சாய்வாக ஓடியது. வெளியே ஏரியா வயலா என்று பிரிக்க முடியவில்லை. முதல் ஷிப்ட் முடிந்து அவள் அறைக்கு வந்திருக்கும் நேரம் தாண்டிவிட்டது. போனை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். அது அடித்தபோது எடுக்கத் தெரியாமல் இரண்டு தடவை விரலால் இழுத்தேன்.

"யம்மா."

"சொல்லும்மா."

"எங் காய வெட்டிட்டு வந்துருக்கே."

"ஆமா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"மூணா விழுந்துச்சி?"

"மூணுதான்."

வேறு ஏதாவது சேர்த்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது. எண்ணிப் பார்த்தேன், மறுபடியும் எண்ணினேன், உன் கண்ணைத்தான் நினைத்தேன் என்றெல்லாம். ஒன்றும் வரவில்லை. பஸ் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியது.

"சரி" என்றாள் செல்வி.

பிறகு, "பவி இங்கன குதிச்சுக்கிட்டு கெடக்கா, மூலை அவளுக்குத்தானாம். பொறுட்டி, எனக்கும் தாயம் விழும்" என்று அந்தப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டாள். ஏதோ டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டே, "அதிரசத்துல வெல்லம் கூடிப் போச்சும்மா" என்றாள்.